6 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 வோல்ட்: இரண்டே உறுப்புகளில் எல்.டி.ஓ. கட்ட முடியுமா?

வாசகர் கேள்வி, 8 ஜூன் 2019

எமர்ஜென்சி விளக்கில் இருந்த 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கொண்டு 5 வோல்ட்டில் ஓடும் வானொலிப் பெட்டி ஒன்றை இயக்க விரும்புகிறேன். 7805 (5 வோல்ட் தரும் மூன்றுகால் சீராக்கிச் சில்லு) பொருத்தினேன், வெளியீட்டில் 4.2 வோல்ட்தான் வருகிறது. ஸ்விட்சிங் மாட்யூல் வைத்தால் மின்சாரம் சரியாக வருகிறது, ஆனால் மத்திய அலை முழுவதும் இரைச்சல். ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டரும் ஒரு டி.எல்.431-ம் (2.5 வோல்ட்டை அளவுகோலாகக் கொண்ட மூன்றுகால் சில்லு) இருந்தால் குறைந்த இழப்புச் சீராக்கியை, அதாவது உள்ளீடு வெளியீட்டைவிடச் சற்றே கூடுதலாக இருந்தாலும் வேலை செய்யும் எல்.டி.ஓ.-வை, நாமே கட்டிவிடலாம் என்கிறார்கள். அது உண்மையா?

8 ஜூன் 2019, இரவு

உண்மைதான். 7805-இன் உள்ளே மின்னோட்டத்தைக் கடத்தும் டிரான்சிஸ்டர் என்.பி.என். வகை; டிரான்சிஸ்டரின் மூன்று கால்களான எமிட்டர், பேஸ், கலெக்டர் ஆகியவற்றில் கட்டுப்படுத்துவது பேஸ்; வெளியீடு எமிட்டரிலிருந்து வருகிறது. எமிட்டர் 5 வோல்ட்டில் நிற்க வேண்டுமானால் பேஸ் அதைவிட உயரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பேஸை ஓட்டும் டிரான்சிஸ்டருக்கு அதற்கும் மேலே இடம் வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 2 வோல்ட் ஆகிறது. பி.என்.பி. வைத்தால் எமிட்டர் பேட்டரிப் பக்கம் போய்விடும், பேஸைக் கீழ்நோக்கி இழுத்தால் போதும், கீழே 5 வோல்ட் இடம் சும்மா கிடக்கிறது. ஆகவே டிரான்சிஸ்டர் முழுவதுமாகத் திறந்த நிலையில் எமிட்டருக்கும் கலெக்டருக்கும் இடையே மிஞ்சுவது மட்டுமே இழப்பு. டி.எல்.431-இன் கேத்தோடை நேராக பி.என்.பி.-யின் பேஸில் இணைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

9 ஜூன் 2019, காலை

நேற்றிரவு எழுதியதன் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து யாரும் கட்டிப் பார்க்க வேண்டாம். தூங்கி எழுந்து காகிதத்தில் வரைந்த பிறகுதான் தவறு தெரிந்தது.

டி.எல்.431-இன் குறிப்பு முனை 2.5 வோல்ட்டைத் தாண்டினால் அதன் கேத்தோடு மேலும் மின்னோட்டத்தை இழுக்கும். வெளியீடு கூடும்போது குறிப்பு முனை கூடும், கேத்தோடு பி.என்.பி.-யின் பேஸை மேலும் இழுக்கும், பி.என்.பி. மேலும் திறக்கும், வெளியீடு இன்னும் கூடும். அடங்க வேண்டிய நேரத்தில் ஆவேசம் கொள்கிற இச்சுற்று சீராக்கியாகாது. இடையே ஒருமுறை திருப்பிப்போட ஓர் என்.பி.என். தேவை. எனவே இரண்டு உறுப்பு என்னும் கணக்கு தவறு. குறைந்தது மூன்று வேண்டும்.

9 ஜூன் 2019, மாலை

மூன்றும் போதாது. மேசையில் கட்டிப் பார்த்தேன். பி.என்.பி. வகையான பி.டி.140-ஐக் கடத்தும் டிரான்சிஸ்டராகவும், என்.பி.என். வகையான பி.சி.547-ஐ அதன் பேஸை இழுக்கும் ஓட்டியாகவும் வைத்தேன். பி.சி.547-இன் எமிட்டர் தரையில், அதாவது பேட்டரியின் எதிர்முனையில், இருந்தது. அதன் பேஸுக்கு உள்ளீட்டிலிருந்து 1 கிலோ ஓம், அதே பேஸில் டி.எல்.431-இன் கேத்தோடு. வெளியீடு 6 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே போய் அங்கேயே நின்றது. சீராக்கல் என்பதே இல்லை.

காரணம் எளிது. டி.எல்.431 எவ்வளவு முயன்றாலும் தன் கேத்தோடை ஏறத்தாழ 2 வோல்ட்டுக்குக் கீழே இறக்காது. பி.சி.547-இன் பேஸை அணைக்க 0.5 வோல்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். ஆக ஓட்டி எப்போதும் விழித்தே இருக்கிறது. தீர்வு, ஓட்டியின் எமிட்டரைத் தரையிலிருந்து உயர்த்துவது. எமிட்டருக்கும் தரைக்கும் இடையே ஒரு சிவப்பு எல்.இ.டி. வைத்தேன். எல்.இ.டி.-யின் 1.7 அல்லது 1.8 வோல்ட்டும் பேஸ்-எமிட்டர் 0.65 வோல்ட்டும் சேர்ந்தால் 2.4 வோல்ட்டுக்கு மேல் ஆகிறது, டி.எல்.431-க்கு எட்டும் உயரம்.

உடனே 5.01 வோல்ட் வந்தது.

10 ஜூன் 2019

முழுச் சுற்றையும் சொற்களில் தருகிறேன், படம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பி.டி.140-இன் எமிட்டர் பேட்டரியின் நேர்முனையில், கலெக்டர் வெளியீட்டில். அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 1 கிலோ ஓம்; சூடானபோது கசியும் மின்னோட்டம் டிரான்சிஸ்டரைத் தானாகத் திறந்துவிடாமல் இது பார்த்துக்கொள்ளும். பேஸிலிருந்து 150 ஓம் வழியாக பி.சி.547-இன் கலெக்டர். அதன் எமிட்டரிலிருந்து சிவப்பு எல்.இ.டி. வழியாகத் தரை. அதன் பேஸில் டி.எல்.431-இன் கேத்தோடும், உள்ளீட்டிலிருந்து வரும் 1 கிலோ ஓமும். வெளியீட்டிலிருந்து தரைக்கு இரண்டு 2.2 கிலோ ஓம் மின்தடைகள் தொடராக, நடுப்புள்ளி டி.எல்.431-இன் குறிப்பு முனைக்கு. வெளியீட்டில் 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி.

வெளியீட்டைப் பாதியாகப் பகுக்கும் அந்த இரண்டு மின்தடைகளுக்கும் 10 கிலோ ஓம் போடலாமே, மின்சாரம் மிச்சமாகுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போடலாம். ஆனால் குறிப்பு முனை சுமார் 2 மைக்ரோஆம்பியர் இழுக்கும். 10 கிலோ ஓமில் அது 20 மில்லிவோல்ட் பிழையாக வெளியீட்டில் சேரும். 2.2 கிலோ ஓமில் 4 மில்லிவோல்ட்தான்.

13 ஜூன் 2019

கடையில் சில்லு கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: பணக்கணக்கில் நீங்கள் சொல்வதே சரி. எல்.எம்.2940 ஒன்று வாங்கினால் 1 ஆம்பியரில் அரை வோல்ட் இழப்போடு வேலை முடியும். ஆனால் 'குறைந்த இழப்பு' என்று எழுதி விற்கும் எல்லாமே இந்த வேலைக்கு ஆகாது. எங்கும் கிடைக்கும் ஏ.எம்.எஸ்.1117-க்கு ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் தேவை; கடத்தும் டிரான்சிஸ்டர் அங்கேயும் என்.பி.என்.-தான், ஓட்டி மட்டும் பி.என்.பி. முழுதாக மின்னேற்றிய 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 6.4 வோல்ட் காட்டும். காலியாகிவிட்டது என்று நிறுத்த வேண்டிய இடம் 5.25. ஏ.எம்.எஸ்.1117 6.1-லேயே கைவிரித்துவிடும், அதாவது பேட்டரியின் பெரும்பகுதி உள்ளே இருக்கும்போதே.

திறன் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: நேரியல் சீராக்கியின் (ஸ்விட்சிங் இல்லாத, நமது போன்றதன்) திறன் வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் வருவதற்குச் சற்றுக் குறைவு. 6-க்கு 5 என்றால் நூற்றுக்கு 83. மலிவான ஸ்விட்சிங் மாட்யூல்கள் இதைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை, இரைச்சலைத் தவிர.

15 ஜூன் 2019

இழப்பை அளந்தேன். உள்ளீட்டை மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, வெளியீடு தன் இயல்பிலிருந்து 100 மில்லிவோல்ட் இறங்கும் இடத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிப்பதே வழக்கம். 400 மில்லிஆம்பியரில் 0.46 வோல்ட் வந்தது. ஏமாற்றம்தான்.

16 ஜூன் 2019

நேற்றைய எண்ணில் பாதிப் பழி என்னுடையது. உள்ளீட்டை மின்வழங்கியின் முனையில் அளந்தேன். அங்கிருந்து பலகைக்குப் போன முதலைக் கிளிப் கம்பிகளிலேயே 0.12 வோல்ட் தொலைந்திருக்கிறது. மல்டிமீட்டரின் முனைகளை நேராக டிரான்சிஸ்டரின் கால்களில் வைத்தபோது 0.34. மெல்லிய கம்பியில் கிளிப்பை ஒப்புக்கு அழுத்தி விற்கிறார்கள். 400 மில்லிஆம்பியருக்கே இந்தக் கதி.

மீதிப் பழி பி.டி.140-க்கு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு கடையில் பத்து வாங்கினேன். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் பெருக்கம் (பேஸ் மின்னோட்டத்தைக் கலெக்டரில் எத்தனை மடங்காக்கும் என்பது) ஒன்றில் 140, இன்னொன்றில் 38. பத்தும் ஒரே அச்செழுத்து, ஒரே பளபளப்பு.

பிறகு என்னிடம் கிடந்த ஓர் எமர்ஜென்சி விளக்கின் செத்த பலகை நினைவுக்கு வந்தது. அதில் பி.772 என்னும் பி.என்.பி. ஒன்று இருந்தது. கால்வரிசை பி.டி.140-ஐப் போலவே எமிட்டர், கலெக்டர், பேஸ்; உடலும் அதே அளவு. ஈயத்தை உருக்கிக் கழற்றி இங்கே வைத்தேன். 400 மில்லிஆம்பியரில் 0.15 வோல்ட். விளக்கு செத்தும் கொடுத்தது.

17 ஜூன் 2019

வெப்பம் பற்றி. 6.4 வோல்ட் பேட்டரியில் 300 மில்லிஆம்பியர் என்றால் டிரான்சிஸ்டரில் 0.42 வாட், கவலையில்லை. பேட்டரி மின்னேற்றியில் இருக்கும்போதே வானொலி பாடினால் உள்ளீடு 7.2 ஆகும், 500 மில்லிஆம்பியரில் 1.1 வாட். இந்த உடலுக்குத் தகடில்லாமல் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 பாகை ஏறும். சென்னை ஜூன் மாதத்தில் அறையே 36 பாகை. எனவே வெப்பத்தை வெளியேற்றும் தகடு போடுங்கள். ஒரு பழைய அலுமினியப் பட்டையே போதும்.

22 ஜூன் 2019

இந்த இழையில் நான் எழுதிய எல்லாவற்றையும்விட இன்று நடந்ததே முக்கியம் என்று நினைக்கிறேன்.

எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி பழைய சரக்கு, 10 மைக்ரோஃபாரட் செராமிக் சிறியது, உள்தடை குறைவு, ஆகவே மேலானது என்று எண்ணி மாற்றினேன். மல்டிமீட்டர் 5.01 வோல்ட் என்று அமைதியாகக் காட்டியது. வானொலியை 720 கிலோஹெர்ட்ஸில், சென்னை நிலையத்தில் வைத்தேன். அறிவிப்பாளரின் குரலுக்குப் பின்னால் ஒரு சீழ்க்கை. அவர் குரலை உயர்த்தினால் சீழ்க்கையின் சுருதி இறங்கியது. அவர் நிறுத்தினால் ஏறியது. ஒலிபெருக்கி அதிக மின்னோட்டம் கேட்கும்போதெல்லாம் சுருதி மாறுகிறது என்றால், சீழ்க்கை வானத்திலிருந்து வரவில்லை, என் பலகையிலிருந்து வருகிறது.

என்னிடம் அலைகாட்டி கிடையாது. ஆனால் வானொலியே ஓர் அளவி. முள்ளை மெல்ல நகர்த்தி, சீழ்க்கையோ அடைத்த மௌனமோ எங்கெங்கே வருகிறது என்று குறித்தேன்: 576, 648, 720, 792, 864. அடுத்தடுத்தவற்றின் வித்தியாசம் 72. சீராக்கி 72 கிலோஹெர்ட்ஸில் ஊசலாடிக்கொண்டிருந்தது, அதன் பத்தாவது மடங்கு சரியாகச் சென்னை நிலையத்தின் தலையில் விழுந்தது.

23 ஜூன் 2019

ஏன் என்பதற்கு என்னால் இயன்ற விளக்கம். 7805-இன் வெளியீடு எமிட்டரிலிருந்து வருவதால் அது இயல்பிலேயே தாழ்ந்த மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கான தடை) உடையது. என்ன மின்தேக்கி போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். நமது வெளியீடு கலெக்டரிலிருந்து வருகிறது. கலெக்டர் ஒரு மின்னோட்ட மூலம். அதன் முன் நிற்கும் மின்தேக்கி தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்தே கட்டத்தை, அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தை, பின்தள்ளத் தொடங்குகிறது. டி.எல்.431 தன் பங்குக்கு இன்னும் பின்தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து எதிர்ப்பின்னூட்டத்தை நேர்ப்பின்னூட்டமாக்கும் இடத்தில் சுற்றின் பெருக்கம் இன்னும் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஊசலாட்டம்தான்.

எலக்ட்ரோலிட்டிக்கின் உள்தடை, நான் குறையென்று நினைத்தது, இங்கே காவல்காரன். 220 மைக்ரோஃபாரடும் 0.3 ஓமும் என்றால் 2.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அது மின்தேக்கியாக நடப்பதை விட்டு மின்தடையாக நடக்கிறது, கட்டம் மீண்டு வருகிறது. 10 மைக்ரோஃபாரட் செராமிக்கில் உள்தடை 5 மில்லிஓம் அளவு. அது திருந்தும் இடம் 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எல்.எம்.2940-இன் தரவுத்தாளைப் புரட்டினால் இதே செய்தி: வெளியீட்டில் குறைந்தது 22 மைக்ரோஃபாரட், உள்தடை 0.1-க்கும் 1 ஓமுக்கும் இடையில். வெறும் சம்பிரதாயம் என்று நான் பல ஆண்டுகளாகத் தாண்டிப்போன வரி அது.

24 ஜூன் 2019

செராமிக்கோடு 0.33 ஓம் தொடராகப் போட்டால் தீருமா என்று கேட்டவருக்கு: தீர்ந்தது. பழைய எலக்ட்ரோலிட்டிக்கையே திரும்ப வைத்தாலும் தீர்ந்தது.

24 ஜூன் 2019, இரவு

அவசரப்பட்டுவிட்டேன். வானொலிப் பெட்டியின் பலகையிலேயே உள்ளீட்டில் ஒரு 10 மைக்ரோஃபாரட் செராமிக் உட்கார்ந்திருக்கிறது. நான் இங்கே எவ்வளவு நல்ல உள்தடை போட்டாலும் அந்தச் செராமிக் இணையாக வந்து 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதைக் குறுக்குகிறது. சீழ்க்கை போய்விட்டது என்றாலும் ஒலியை முழுதாகத் திறந்தால் அறிவிப்பாளரின் ஒவ்வொரு வல்லெழுத்துக்குப் பின்னும் சிறு கீச்சு கேட்கிறது. ஊசலாட்டம் நின்றுவிட்டது, விளிம்பில் நிற்கிறது.

29 ஜூன் 2019

கோவையிலிருந்து ஒரு மூத்த வாசகர், இவற்றையெல்லாம் 40 ஆண்டுகளாகப் பழுதுபார்த்தவர், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: அந்த 150 ஓமைக் கலெக்டரிலிருந்து எடுத்து எமிட்டரில் போடு.

அதாவது பேஸும் கலெக்டரும் நேராக இணையும். 150 ஓம் எல்.இ.டி.-யோடு தொடராகப் போகும். உறுப்புகளின் எண்ணிக்கை மாறவில்லை, உச்ச மின்னோட்டமும் ஏறத்தாழ அதே 17 மில்லிஆம்பியர். ஆனால் ஓட்டியின் பெருக்கம் பெரிதும் இறங்குகிறது, ஏனெனில் எமிட்டரில் உள்ள மின்தடை ஒவ்வொரு மாற்றத்தையும் தானே எதிர்த்துச் சமன்செய்கிறது. சுற்றின் மொத்தப் பெருக்கமும் அதோடு இறங்கியது. சாய்வாகப் பிடித்து ஈயம் வைத்தேன், கீச்சு போயிற்று. செராமிக்கைத் தனியே வைத்தும் பார்த்தேன். மத்திய அலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீழ்க்கை இல்லை.

விலையும் உண்டு. சுமை 20-இலிருந்து 400 மில்லிஆம்பியருக்குத் தாவும்போது வெளியீடு முன்பு 10 மில்லிவோல்ட் இறங்கியது, இப்போது 25 இறங்குகிறது. வானொலிக்கு அது தெரியப்போவதில்லை.

30 ஜூன் 2019

எல்.இ.டி. பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். அதன் வழியே போவது கடத்தும் டிரான்சிஸ்டரின் பேஸ் மின்னோட்டம். ஆகவே வானொலி மெல்லப் பாடும்போது அது கண்ணை மூடித் திறப்பதுபோல் மங்கலாக எரிகிறது. உரக்கப் பாடினால் சற்றுத் துடிக்கிறது. பேட்டரி 5.2 வோல்ட்டை நெருங்கும்போது வெளியீடு சரியத் தொடங்குகிறது, டி.எல்.431 தன் பிடியை விட்டுவிடுகிறது, ஓட்டி கைக்கு வந்ததையெல்லாம் பேஸில் கொட்டுகிறது, எல்.இ.டி. பளீரென்று எரிகிறது. பேட்டரியை நிறுத்த வேண்டிய 5.25-உம் இந்த இடமும் ஏறக்குறைய ஒன்றாக அமைந்தது என் திறமையால் அல்ல. 5 வோல்ட்டும் 0.2 வோல்ட்டும் கூட்டினால் வருவது அது, அவ்வளவுதான்.

என் தந்தையார் இப்போது அதைப் பார்த்துத்தான் வானொலியை நிறுத்துகிறார். சுற்றின் மற்ற பாகங்களில் அவருக்கு அக்கறை இல்லை.

7 ஜூலை 2019

விபத்து. திருப்புளி முனை வழுக்கி வெளியீட்டையும் தரையையும் தொட்டது. 17 மில்லிஆம்பியர் பேஸ் மின்னோட்டத்தை 200-ஆல் பெருக்கினால் 3 ஆம்பியருக்கு மேல். லெட்-ஆசிட் பேட்டரி அதைத் தயங்காமல் கொடுக்கும். பி.772 ஒரு முறை 'டப்' என்றது. விளக்கு இரண்டாம் முறை செத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மின்னோட்டத்தை அளக்க அரை ஓம் மின்தடை போட்டுக் கட்டுப்படுத்துவது வழக்கமான வழி. ஆனால் 400 மில்லிஆம்பியரில் அதிலேயே 0.2 வோல்ட் போகும். இத்தனை பாடுபட்டு மிச்சம் பிடித்ததை அங்கே கொட்டுவதற்கு மனம் வரவில்லை. வேறு வழி தோன்றுகிறது: ஓட்டியின் பேஸுக்குப் போகும் 1 கிலோ ஓமை உள்ளீட்டிலிருந்து எடுத்து வெளியீட்டில் இணைத்துவிட்டால், வெளியீடு தரையைத் தொட்டதும் ஓட்டிக்கு உணவு நின்றுவிடும். தொடக்கத்தில் எழுப்புவதற்கு மட்டும் உள்ளீட்டிலிருந்து 470 கிலோ ஓம் கொடுத்தால் போதும்.

8 ஜூலை 2019

எழவில்லை. 470 கிலோ ஓம் தரும் 8 மைக்ரோஆம்பியர், அந்த 1 கிலோ ஓம் வழியாகவே பூஜ்யத்தில் கிடக்கும் வெளியீட்டுக்கு இறங்கிப் போய்விடுகிறது. பாலைக் கறந்து ஓட்டைச் சட்டியில் ஊற்றிய கதை. 1 கிலோ ஓமுக்குத் தொடராக மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் 1என்4148 டயோடு ஒன்றைப் போட்டதும் எழுந்தது.

இப்போது குறுக்கிணைப்பில் ஏறத்தாழ 0.3 ஆம்பியருக்கு மேல் போவதில்லை. வேண்டுமென்றே ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தேன், புதிய பி.772 சுட்டதே தவிரச் சாகவில்லை. ஒரு குணம் மட்டும் ஒட்டிக்கொண்டது: ஒலியை முழுதாகத் திறந்துவைத்துவிட்டு மின்சாரத்தைப் போட்டால் சில நேரம் எழ மறுக்கிறது. குமிழைத் திருப்பிக் குறைத்துவிட்டுப் போட வேண்டும்.

20 ஜூலை 2019

பி.என்.பி.-க்குப் பதிலாக பி-சேனல் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தால் அல்லாமல் மின்னழுத்தத்தால் திறக்கும் டிரான்சிஸ்டர்) வைக்கலாமே என்று நால்வர் கேட்டுவிட்டார்கள். ஐ.ஆர்.எஃப்.9540 வேண்டாம், அது முழுதாகத் திறக்க 10 வோல்ட் கேட்கும், இங்கே இருப்பதே 6-க்குள். ஏ.ஓ.3401 சரியான தேர்வு, 4.5 வோல்ட்டிலேயே அதன் தடை 60 மில்லிஓம் அளவு. பொட்டு அளவு உறுப்பு, பூதக்கண்ணாடி வைத்து ஒட்டினேன். 400 மில்லிஆம்பியரில் இழப்பு 30 மில்லிவோல்ட்டுக்குள் வந்தது, பேஸ் மின்னோட்டம் என்பதே இல்லாமல் போனது.

ஆனால் எல்.இ.டி.-யும் ஊமையாகிவிட்டது, சுமை கூடினாலும் குறைந்தாலும் ஏறக்குறைய ஒரே ஒளி. பேட்டரி 5.05 வரை இறங்கிய பிறகே சற்றுப் பிரகாசமானது, அதற்குள் பேட்டரிக்குக் கேடு. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு பி.772-க்கே திரும்பினேன்.

3 செப்டம்பர் 2020

ஓராண்டுக்குப் பின் இந்த இழையை மீண்டும் திறக்கக் காரணம், சென்ற வாரம் 720-இல் கீச்சு திரும்பி வந்தது. பலகை முழுவதையும் சந்தேகப்பட்டேன்; குற்றவாளி அந்த 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக். அலுமினியப் பட்டைக்கு ஒட்டினாற்போல் நானே வைத்திருந்தேன், ஓராண்டுச் சூட்டில் உலர்ந்திருக்கிறது. எடுத்து அளந்தால் 90 மைக்ரோஃபாரட். புதியதை இரண்டு விரல் தள்ளி வைத்தேன், கீச்சு இல்லை.

இதைக் கட்டியிருப்பவர்கள் மின்தேக்கியைத் தகட்டிலிருந்து நகர்த்திவிடுங்கள். ஜூன் 10-இல் எழுதிய சுற்றில் 150 ஓம் இன்னும் கலெக்டரில்தான் இருக்கிறது. ஜூன் 29 குறிப்பைப் படிக்காமல் யாரும் அதை மட்டும் பார்த்துக் கட்டிவிட வேண்டாம்.